தாய்மாமன் பட்டும் ஐந்நூறு ரூபாய்க் கொசுறும்

காய் வாங்கினால் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாக வந்து பைக்குள் விழ வேண்டும். அது நம் ஊர் நியாயம். கேட்டு வாங்க யாருக்கும் வெட்கமில்லை, கொடுப்பதால் கடைக்காரர் ஒன்றும் ஓட்டாண்டியாகிவிடப் போவதுமில்லை. ஆனால் கறிவேப்பிலைக்காகக் காய் வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? திருமுல்லைவாயிலில் அப்படி ஒருவன் இருக்கிறான். பெயர் கன்னியப்பன்.

கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை இவ்வளவு வயிற்றெரிச்சலோடு சொல்ல வேண்டியிருக்காது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் வயல் இருந்த காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அதே வயல்கள் பிளாட்டானபோது மண் கொட்டி மேடாக்கிய கூலியும் அவர்கள்தான். அப்பா செத்தபோது கன்னியப்பனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது, தங்கை சுலோசனா மூன்றாம் வகுப்பு. ஐடிஐ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தான். தகடு வெட்டும் மிஷின் ஒருநாள் அவன் இடது சுட்டுவிரலில் ஒரு கணுவையும் சேர்த்து வெட்டியது. அதற்குக் கம்பெனி கொடுத்த பணத்தில்தான் சுலோசனாவின் கல்யாணக் கம்மல் வந்தது. அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அதே எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனியில் கான்டிராக்ட் ஆளாகப் போய்வருகிறான். மனைவி சொர்ணம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிறாள். ஒரே மகள் நிஷா, ஆறாம் வகுப்பு.

சுலோசனாவைக் குத்தம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது அது வெறும் கிராமம். மாப்பிள்ளை அரவிந்தன் வீட்டுக்கு ரோட்டோரம் கொஞ்சம் மேட்டு நிலம், ரெண்டு எருமை. அப்புறம் அங்கே பெரிய பஸ் நிலையம் வருகிறது என்று பேச்சு வந்தது. பஸ் வருவதற்கு முன்னால் நிலத்துக்கு விலை வந்துவிட்டது. அரவிந்தன் வீட்டார் பாதி நிலத்தை விற்று மாடி கட்டினார்கள், கார் வாங்கினார்கள். சுலோசனாவின் மாமியாருக்கு அதுவரை இல்லாத ஒரு குரலும் வந்தது.

அந்தக் குரல் எப்போதும் சுலோசனாவின் பிறந்த வீட்டைப் பற்றியே பேசியது. சுலோசனாவின் மகள் மோகனப்பிரியாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் கொண்டுவந்த தோடு, செய்கூலி இல்லை என்று எங்கேயோ தள்ளுபடியில் எடுத்தது. கிழவி அதை மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பார்த்தாள். ஊதினால் பறக்கும் என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். கன்னியப்பன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சுலோசனா அந்த வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அவள் சிரிக்கவில்லை.

போன ஆவணியில் மோகனப்பிரியா வயசுக்கு வந்தாள். முறைப்படி தாய்மாமன் போய்ப் பச்சை ஓலையில் குடிசை கட்டிவிட்டு வந்தான். பெரிய சடங்கைப் பள்ளிக்கூட லீவில், மே மாதம், மண்டபம் எடுத்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்தச் சடங்கில் ஒரு விஷயம் மாற்ற முடியாதது. தண்ணீர் ஊற்றியதும் பெண் கட்டும் முதல் புடவை தாய்மாமன் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். அப்பா லட்ச ரூபாய்க்குப் பட்டு எடுத்து வைத்திருந்தாலும் அது ரெண்டாவதுதான். குடிசை வாசலில், கிழவி காதில் விழுகிற மாதிரியே கன்னியப்பன் சொன்னான்.

"எம் மருமவளுக்குப் பட்டு நான் எடுக்கிறேன். பத்தாயிரத்துக்கு மேலதான், கொறைய மாட்டேன். எழுதி வச்சிக்கோங்க."

சுலோசனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்துக்காகவே இந்தக் காரியத்தைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தான். அதுவரைக்கும் எல்லாம் சரி.

பணம் சேர்ப்பதில்தான் அவனுக்கு ராசியில்லை. ஆவடியில் சீட்டுக் கட்டினான், சீட்டு பிடித்தவள் குடும்பத்தோடு காணாமல் போனாள். நகைக்கடையில் மாதாமாதம் கட்டினான், கடைக்கு ஷட்டர் இறங்கியது. வீட்டில் வைத்தால் வீட்டிலேயே கரைந்துவிடும். இந்த நிலைமையில்தான் கூட வேலை பார்க்கும் ஜஸ்டின், டீ குடிக்கிற நேரத்தில் தன் போனைக் காட்டினான். ஒரு பெரிய ஆன்லைன் கடையின் விளம்பரம்.

"அண்ணாத்தே, ஆயிரம் ரூவாக்கு கிஃப்ட் கார்டு வாங்கி நம்ம கணக்குலயே போட்டுக்கினா, அம்பது ரூவா எக்ஸ்ட்ரா தரான். சொம்மா கெடைக்கிற துட்டு. பேங்க்ல போட்டா எவன் தருவான்?"

கன்னியப்பனுக்கு மண்டையில் பல்பு எரிந்தது. இது உண்டியல் அல்லவா? சம்பளம் வந்ததும் ஆயிரமோ ரெண்டாயிரமோ கார்டாக வாங்கிப் போட்டுவிட்டால் அது அங்கேயே கிடக்கும். யாரும் திருட முடியாது, தானும் டாஸ்மாக்கில் கொடுக்க முடியாது, கைமாத்து கேட்டு வருகிறவனிடம் 'கையில் காசு இல்லை' என்று பொய் கலக்காமல் சொல்லலாம். அதோடு மேலே ஐம்பது ரூபாய். சேர்ந்ததும் அதே கடையில் பட்டுப் புடவையை வாங்கிவிட வேண்டியதுதான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும் வாங்கப் போகிற சோப்பையும் எண்ணெயையும் அந்தக் கார்டில் வாங்குகிறவனுக்கு ஐம்பது ரூபாய் ஐம்பது ரூபாய்தான், அதில் மோசமில்லை. கன்னியப்பனுக்குக் கிடைத்த ஐம்பது அந்த மாதிரி இல்லை. அதைச் செலவழிக்க வேண்டுமென்றால் ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். இல்லாவிட்டால் ஐம்பது காற்றோடு போய்விடும். புடவைக்காகச் சேர்க்கும் பணத்தைத் தொடக்கூடாது என்று சபதம், ஐம்பதையும் விட மனசில்லை. ஆக மிச்சம் நானூற்றைம்பது வீட்டுச் செலவிலிருந்து போனது. கழுத்தைப் பிடித்துவிடும் பெல்ட் வந்தது. ரிமோட்டில் நிறம் மாறும் விளக்கு வந்தது. சைக்கிள்கூட இல்லாத வீட்டுக்குக் காரில் போன் மாட்டும் ஸ்டாண்டு வந்தது.

சொர்ணம் அந்த ஸ்டாண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்கா பணம். அம்பது ரூவாக்கு நானூத்தம்பது ரூவா அழுவுற. இன்னாய்யா கணக்கு இது?"

"அது வேற கணக்கு, இது வேற கணக்கு," என்று போனில் சேர்ந்திருந்த தொகையைக் காட்டுவான். "இத்த தொட்டனா பாரு."

தொடவில்லைதான். மார்கழியில் பக்கத்து வீட்டு யூசுப் வந்து கேட்டபோதும் தொடவில்லை. யூசுப் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்கிறவன். அவன் மனைவி சபீனாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூவாயிரம் குறைகிறது, பத்து நாளில் தந்துவிடுகிறேன் என்றான்.

"கையில இல்ல யூசுப்பு. சத்தியமா இல்ல," என்றான் கன்னியப்பன்.

அந்த நிமிஷத்தில் போனுக்குள் அதைப்போல ரெண்டு மடங்கு இருந்தது. கையில் இல்லை என்பது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்படிப்பட்ட உண்மையைவிடப் பொய் எவ்வளவோ மேல். பொய் சொன்னவனுக்கு ராத்திரி கொஞ்சமாவது உறுத்தும். கன்னியப்பன் நிம்மதியாகத் தூங்கினான்.

பங்குனியில் பத்திரிகை அடிக்கும் வேலை தொடங்கியது. சுலோசனா போன் செய்தாள்.

"அண்ணா, பொடவை எடுத்துட்டியா? ரவிக்கைத் துணிய மட்டும் முன்னாலயே குடுத்தினா பாப்பாக்கு அளவெடுத்துத் தச்சி வச்சிடுவேன்."

"எடுத்த மாதிரிதான். அத்த நீ அன்னிக்கிதான் பாக்கணும், சர்ப்ரைஸு. ரவிக்கை ரெடிமேடு வாங்கிக்கலாம் வுடு."

சரிண்ணா என்று சொல்லி வைத்துவிட்டாள். ரெண்டு வாரத்தில் பத்திரிகை வந்தது. 'தாய்மாமன்கள்' என்று போட்டு முதலில் கன்னியப்பன் பெயரும் அதற்குக் கீழே சந்தோஷ் பெயரும் இருந்தன. சந்தோஷ் அவர்களுடைய சித்தி மகன், பூந்தமல்லியில் மனை வாங்கி விற்கிறவன். அவனும் அண்ணன் முறைதானே, போட்டிருக்கிறார்கள் என்று கன்னியப்பன் நினைத்தான். தன் பெயர் மேலே, பெரிய எழுத்தில் இருந்ததில் அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

சித்திரை பாதியில் பணம் சேர்ந்துவிட்டது. புடவையையும் தேர்ந்தெடுத்தாயிற்று. அரக்கு நிறம், கையகல ஜரிகை, பதினாலாயிரம். சொர்ணத்துக்கே பிடித்திருந்தது. அப்போதே விரலை வைத்து அழுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அதே திரையில், புடவைக்கு மேலேயே, ஒரு பட்டை ஓடியது. மே மாத மெகா விற்பனை, பதினைந்தாயிரத்துக்கு மேல் வாங்கினால் ஐந்நூறு ரூபாய் கிஃப்ட் கார்டு. விற்பனை ஆரம்பிப்பது அடுத்த புதன்கிழமை. சடங்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

"இப்பவே போட்டுடுய்யா. நல்ல காரியத்த வச்சிகினு பேஜாரு பண்ணாத," என்றாள் சொர்ணம்.

"புதன்கெயம போட்டா வெள்ளிக்கெயம வந்துரும். இதோ கூப்புடு தூரத்துல கீது அவன் குடோனு. ஐநூறு ரூவா சொம்மா வருதா?"

"அந்த ஐநூறுல இன்னா வாங்கப் போற?"

என்ன வாங்குவது என்பதா முக்கியம்? வருகிறதை விடக்கூடாது, அவ்வளவுதான். இது ஒரு வியாதி. பேராசை என்று சொன்னால் பெரிய வார்த்தை, கன்னியப்பனுக்குப் பொருந்தாது. பேராசைக்காரன் ஊரையாவது வளைத்துப் போடுவான். இவனுடையது சிற்றாசை, அதனால்தான் அவனுக்கே தெரியாமல் அவனைத் தின்றது.

புதன்கிழமை வந்தது, ஆர்டர் போட்டான். பதினைந்தாயிரம் ஆவதற்குக் குறைந்த ஆயிரத்துக்கு, முட்டை வேகவைக்கும் மின்சாரக் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை மதியம் பெரிய பெட்டியோடு டெலிவரிக்காரர் வந்து நின்றார். சொர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பெட்டிக்குள் முட்டைக் கருவி இருந்தது.

புடவை எங்கே என்று போனில் பார்த்தார்கள். அது குஜராத்தில் ஏதோ ஊரில் புறப்பட்டு நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. கூப்பிடு தூரத்துக் குடோனில் அது ஒருநாளும் இருந்ததில்லை. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. காஞ்சிப்பட்டு என்று பெயர் போட்ட புடவையை வடக்கேயிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தான் இந்தப் புத்திசாலி. ஞாயிறு காலை வந்து சேரும் என்று திரையில் எழுதியிருந்தது. சடங்கு காலை பத்து மணிக்கு.

ரத்து செய்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், கார்டில் வாங்கியது கார்டுக்கேதான் திரும்பும், கையில் வராது. அத்தனை பணமும் இருக்கிறது, அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையிலும் அது செல்லாது. கன்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டான். நேராக யூசுப் வீட்டுக்குப் போனான். யூசுப் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பத்தாயிரம் பொரட்ட முடியுமா யூசுப்பு? தங்கச்சி ஊட்டு விசேசம். ரெண்டே நாள்."

யூசுப் துணியைப் பிழிந்து ஆட்டோமேல் காயப் போட்டான்.

"கையில இல்ல அண்ணாத்தே," என்றான்.

குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. உண்மையிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்பது மட்டும் கன்னியப்பனுக்குப் புரிந்தது. உள்ளேயிருந்து சபீனா டீ குடிக்கிறீங்களா அண்ணா என்று கேட்டாள். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

சொர்ணம் தன் கம்மலை யோசித்தாள். அது ஏற்கெனவே நிஷாவின் ஸ்கூல் பீஸுக்காக அடகில் இருந்தது. பருப்பு டப்பாவிலிருந்து ரெண்டாயிரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு எது வருதோ ஒண்ணு எடுத்துகினு வா. தாய்மாமன் பொடவைன்னு ஒண்ணு தட்டுல இருக்கணும். பட்டு அப்பால வந்தா குடுத்துக்கலாம்."

"பதினாலாயிரம் பொடவை வந்துகினு கீது. இதுக்குப் போயி ரெண்டாயிரத்துக்கு ஒண்ணு எடுத்துகினு போயி அந்தக் கெயவிகிட்ட கேவலப்பட சொல்றியா?"

ஐந்நூறு ரூபாய்க்காகக் காத்திருந்தவனுக்கு அந்த நேரத்தில் மானம் வந்துவிட்டது. வர வேண்டிய நேரத்தில் வந்திருந்தால் பிழைத்திருப்பான். சொர்ணம் பணத்தைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூந்தமல்லி மண்டபத்துக்கு வேனில் போய் இறங்கினார்கள். வாசலில் பெரிய பிளெக்ஸ், அதில் கன்னியப்பன் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். வரிசைத் தட்டில் புடவைத் தட்டு குறைந்து எண்ணிக்கை ரெட்டைப்படையாகிவிட்டது. நல்ல காரியத்துக்கு ஆகாதென்று சொர்ணம் ஆப்பிளை ரெண்டு தட்டாகப் பிரித்து வைத்தாள். மேளம் அடிக்க, ஆளுக்கொரு தட்டாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பழம், பூ, வளையல், இனிப்பு. சுலோசனாவின் மாமியார் மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டு போனதும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

"தாய்மாமன் பொடவை எங்க? பொண்ணு ஈரத்தோட நிக்கிதில்ல?"

கன்னியப்பன் போனைக் கையில் எடுத்தான். என்ன சொல்ல வந்தானோ, வாயில் வந்தது இதுதான்.

"வந்துகினே கீது. இன்னும் ஒரு அவரு."

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அரவிந்தன் காதில் வாங்காதவன் மாதிரி திரும்பிக்கொண்டான். நல்ல மனுஷன். அதனால்தான் அது இன்னும் சுட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தோஷ் வந்தான். கையில் தட்டு, தட்டில் மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை, மேலே மடித்து வைத்த ரவிக்கை. "அண்ணாத்தே, நீயும் ஒரு கை பிடி," என்றான். கன்னியப்பன் ஒரு ஓரத்தைப் பிடித்தான். சுலோசனா தட்டை வாங்கிக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கொஞ்சநேரத்தில் மோகனப்பிரியா அந்தப் புடவையில் வெளியே வந்தாள். ரவிக்கை உடம்போடு ஒட்டி அளவாக இருந்தது. ரெடிமேடு அப்படி நிற்காது. அளவெடுத்துத் தைத்தது, தைத்துப் பல நாள் ஆகியிருக்கும். அதைப் பார்த்ததும் கன்னியப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன்னைத் தவிர இந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

புடவை தந்தவன்தான் முதல் மாலை போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சந்தோஷ் போட்டான். ரெண்டாவதாகக் கன்னியப்பன் போட்டபோது போட்டோக்காரர், தாய்மாமன் கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றார். எந்தத் தாய்மாமனைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தள்ளி நின்றான். சட்டைப் பையில் போன் ஒருதரம் சிணுங்கியது. தாமதத்துக்கு வருந்துகிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றியாக நூறு ரூபாய் கிஃப்ட் கார்டு, ஆயிரத்துக்கு மேல் வாங்கினால் மட்டும் செல்லும் என்று இருந்தது. மேடையில் நின்றுகொண்டே அதைக் கடைசி வரிவரை படித்தான். தாய்மாமன் என்கிற முறைக்கு அந்தக் கடை போட்ட விலை நூறு ரூபாய், அதற்கும் நிபந்தனை.

புடவை செவ்வாய்க்கிழமை வந்தது. நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அதை எடுத்துக்கொண்டு ரெண்டு பஸ் மாறிக் குத்தம்பாக்கம் போனான். சுலோசனா தனியாகத்தான் இருந்தாள். கட்டிலில் உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள், புடவையைப் பிரித்து ஜரிகையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்ணா கீது."

"சந்தோஷ்கிட்ட எப்ப சொன்ன?"

"ரவிக்கைத் துணி கேட்டேன் பாரு, அன்னிக்கி. பொடவைய கையில வச்சிகினு கீற மனுசன் துணி தர மாட்டேன்னு சொல்லுவானா?"

"துட்டு இருந்துது சுலோ. சத்தியமா இருந்துது. ஒவ்வொரு மாசமும் உனக்குன்னுதான் சேத்தேன். ஆஃபர்ல வாங்குனா ஐநூறு ரூவா கூட வரும்னு..."

சுலோசனா புடவையை மடித்தாள். மடிப்பு கலையாமல், வந்த மாதிரியே மடித்தாள்.

"அத்தான்ணா எனக்குத் தாங்கல. நீ இல்லாதவனா வந்து நின்னிருந்தினா, எங்க மாமியா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். எங்கண்ணன் கையில இல்ல, ஒரு மொழம் பூ கொண்டாந்தாலும் எம் பொண்ணுக்கு அத்தான் மொதல் சீருன்னு. சண்டை போட்டிருப்பேன். துட்டு இருந்துது, ஐநூறு ரூவாக்குக் காத்துகினு இருந்தாருன்னு எந்த வாயால சொல்றது? அந்த ஐநூற எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

கன்னியப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது, வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு பழம். அதன்மேல் அந்த அரக்குப் பட்டை வைத்து அவனிடம் நீட்டினாள்.

"நிஷாக்கு. அத்தை சீரு."

"இன்னா சுலோ, இது நான் உனக்கு..."

"எங்கிட்ட குடுத்துட்ட இல்ல? என்னுதாச்சி. எங்கண்ணன் பொண்ணுக்கு நான் குடுக்கிறேன். அவளும் இன்னும் ஒண்ணு ரெண்டு வருசத்துல உக்காருவா. அத்தை ஒண்ணும் செய்யலன்னு நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக் கூடாது பாரு."

இதில் ஒரு வார்த்தைகூட அவள் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு மறுபடியும் அண்ணனாக வந்திருப்பான். கொடுத்ததையும் வாங்கியதையும் நேர் செய்து, கணக்கு தீர்ந்தது என்று தட்டில் வைத்துக் கொடுப்பவளிடம் என்ன செய்வது? பெரியவன் அவன், வாங்க மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணம் தட்டையும் அவன் முகத்தையும் பார்த்தாள். "சுலோ குடுத்துது, நிஷாக்கு," என்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்விட்டாள். நிஷாவுக்கு ஒன்றும் தெரியாது, பார்சல் வந்தபோதும் அவள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றவள் அவள். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தாள், பீரோக் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். அப்பாவின் போனை எடுத்து அத்தைக்குப் போட்டாள்.

"அத்தே, பொடவை செம சோக்கா கீது அத்தே. ரொம்ப தாங்க்ஸ். எங்க ஊட்ல எனக்கு இந்த மாதிரி யாருமே வாங்கிக் குடுத்ததில்ல அத்தே. எங்கப்பா எல்லாம் ஆஃபர்லதான் வாங்கும்."

அந்தப் பக்கம் சுலோசனா என்ன சொன்னாளோ, நிஷா சிரித்தாள். கன்னியப்பன் எதிரில் பாயில் உட்கார்ந்திருந்தான். இது நான் வாங்கின புடவை கண்ணு என்று மகளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.